பேச்சூட்டி வந்தார், பேச்சு நின்றது

பேச்சூட்டி என்று ஓர் இனம் உண்டு. அகராதியில் தேடாதீர்கள், சொல்லை ஆக்கியவன் நான்தான். பேச்சை ஊட்டுபவர் பேச்சூட்டி. புணர்ச்சியில் பிழையில்லை. பிழையெல்லாம் ஊட்டும் முறையில்தான் இருக்கிறது.

இவ்வினத்தாரை அடையாளம் காண்பது எளிது. ஓராண்டு நிரம்பிய குழந்தை ஒன்று தரையில் அமர்ந்து, தன் காலுறையைத் தானே கழற்றி, அதன் சுவையைப் பொறுமையாக ஆராய்ந்து, 'ப்பு... தத்தா... ங்கே' என்று தனக்குள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கும் நல்ல வேளையில், கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, ஒரு காற்செருப்பை மட்டும் கழற்றிய நிலையில் விரைந்து வந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, இடுப்பை வளைத்து, தம் முகத்தைக் குழந்தையின் மூக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் நிறுத்தி, 'நான் யாரு? சொல்லு பார்ப்போம்!' என்று முழங்குபவர் எவரோ அவரே பேச்சூட்டி. குழந்தை காலுறையை வாயிலிருந்து எடுத்துவிடும். ஆராய்ச்சி அத்துடன் நின்றது.

நீங்களே எண்ணிப் பாருங்கள். நீங்கள் உண்டுகொண்டிருக்கிறீர்கள். உங்கள் தலையைப் போல் நான்கு மடங்கு பெரிய தலை ஒன்று திடீரென எதிரே தோன்றி 'நான் யாரு?' என்று கேட்கிறது. அதற்கு விடை சொல்வீர்களா, காவல் நிலையத்துக்குச் சொல்வீர்களா?

குழந்தை பேச வேண்டும் என்பதில் பேச்சூட்டிக்கு அப்படியொன்றும் பேரார்வம் இல்லை. தம்மைப் பேச வேண்டும் என்பதே அவருடைய ஆவல். ஒரு வீட்டில் குழந்தை வாய் திறக்கும் பருவம் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் உறவுமுறைகள் அத்தனையும் தேர்தலில் நிற்கத் தொடங்குகின்றன. 'அத்தை சொல்லு' என்று அத்தை ஒருபுறம், 'சித்தப்பா சொல்லு' என்று சித்தப்பா மறுபுறம், பிஸ்கட்டைக் காட்டி வாக்குக் கேட்கிறார்கள். இதழோடு இதழ் பொருந்தினாலே பிறந்துவிடும் எழுத்துகள் பகரமும் மகரமும் என்று இலக்கணம் என்றைக்கோ சொல்லிவிட்டது. ஆகவே அம்மாவும் அப்பாவும் போட்டியின்றி வெல்லும் தொகுதி அது. அங்கே 'ஒன்றுவிட்ட சித்தப்பா' என்றொரு வேட்பாளர் நின்றால் டெபாசிட் மிஞ்சுமா?

தோற்றவர் சும்மா இருப்பாரா? உடனே ஒப்பீட்டைத் தொடங்குவார்.

"எங்க வீட்டுப் பெரியவன் பத்து மாசத்துலயே பேச ஆரம்பிச்சுட்டான், தெரியுமா?"

"அப்படியா! இப்ப நல்லாப் பேசுவாரே?"

"இப்ப எங்க பேசறான்? போனே கதின்னு கெடக்கான். ஆனா அப்ப பேசினான்!"

எல்லா வீட்டிலும் பழைய குழந்தைகள் எல்லாரும் மேதைகள். இப்போதைய குழந்தை ஒன்றுதான் மந்தம்.

இவ்வினத்தின் முதல்தர மாதிரி ஒருவர் எங்கள் அடுத்த வீட்டின் மாடியில் வாழ்கிறார். வாகனம் ஓட்ட உரிமம் கேட்டு வருவோருக்குத் தேர்வு வைக்கும் அதிகாரி. ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் விறைப்பாக அமர்ந்து, சாலையோரப் பலகை ஒவ்வொன்றையும் சுட்டி, 'இது என்ன? இது என்ன?' என்று வினவுவதே அவர் தொழில். விடை சொல்வது அவர் தொழில் அன்று. தம் உடன்பிறந்த தம்பியையே, பின்னோக்கி எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று இருமுறை தோற்கடித்த நேர்மையாளர். அத்தம்பி இப்போது மின்தூக்கி பழுதுபார்க்கிறார். மேலும் கீழுமாக மட்டுமே போகும் வாகனம். பின்னோக்கி எடுக்கும் தொல்லை இல்லை.

கீழ்த்தளத்தில் வாழும் அத்தம்பியின் மகளுக்கு ஓராண்டு நிரம்பியிருந்தது. விரைந்து ஊரும் ஊக்கத்தையும், வழியில் கிடக்கும் எதையும் வாயில் கவ்விக்கொண்டு செல்லும் பண்பையும் கருதி வீட்டார் அவளைக் கட்டெறும்பு என்றே அழைத்தனர். அவள் வாய்பேசாக் குழந்தை அல்லள். எங்களிடையே உள்ள சுவர் மெல்லியது. ஆதலால் உறுதியாகச் சொல்கிறேன். பொழுது விடிந்ததும் தொட்டிலில் நின்றபடி அவள் ஆற்றும் சொற்பொழிவில் ஏற்ற இறக்கம் உண்டு, வினா உண்டு, வியப்பு உண்டு, அவையை நோக்கிய அதட்டலும் உண்டு. சொல் ஒன்றுதான் இல்லை. மேடைப் பேச்சாளர் பலரது நிலையும் அதுவே என்பதால் எவரும் கவலைப்பட்டிலர்.

பெரியப்பா மட்டும் கவலைப்பட்டார்.

அலுவலகத்திலிருந்து திரும்பியதும் மாடியேறுமுன் கீழ்வீட்டில் தேர்வு நடைபெறலாயிற்று. கரண்டியை உயர்த்துவார். "இது என்ன?" கட்டெறும்பு கரண்டியைப் பார்ப்பாள், வாங்கக் கை நீட்டுவாள். தரமாட்டார். தேர்வுப் பொருளைத் தேர்வு எழுதுபவரிடம் தருவது விதிமீறல். செருப்பைக் காட்டுவார். "இது என்ன?" மின்விசிறியைக் காட்டுவார். "இது என்ன?" இறுதியில் தம் மார்பையே தட்டிக்காட்டி, "இது யாரு? பெ-ரி-யப்-பா. சொல்லு!" என்பார். அவள் வாய் திறவாள்.

"பெயில்" என்று எழுவார். "ஒரு மாசம் கழிச்சு மறுபடி வரட்டும்."

ஆனால் மறுநாளே அவர் வந்துவிடுவார்.

விளைவு என்னவாகும் என்று நினைக்கிறீர்கள்? முதலில், எவர் குனிந்தாலும் கட்டெறும்பு வாயை இறுக மூடிக்கொள்ளத் தொடங்கினாள். மாடிக்காரர் குனிந்தாலும் மூடினாள். கீழே விழுந்த பேனாவை எடுக்க நான் குனிந்தபோதும் மூடினாள். பின்னர் காலைச் சொற்பொழிவு சுருங்கிற்று. அதன்பின் நின்றேவிட்டது. சுவருக்கு அப்பால் தொட்டில் கிறீச்சிடும் ஓசை மட்டும் கேட்டது.

இனி இது விளையாட்டன்று. குழந்தையின் தாய் கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். பேறுகால விடுப்பு முடிந்து விருப்பத்தோடு வேலைக்குத் திரும்பியவள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பெரியம்மா. பழி எங்கே போய் விழும் என்பதை உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

"தாய் வாயத் தொறந்தாத்தானே புள்ள வாயத் தொறக்கும்?" என்றார் பெரியம்மா. "நீ கடைக்குப் போயி ஊராரோட கண்ணப் பாத்துக்கிட்டு இருக்க. உன் புள்ள வாய யாரு பாக்கறது?"

"பகல் பூரா உங்க கூடத்தானேக்கா இருக்கா?"

"அதத்தான் நானும் சொல்றேன். நான் என்ன தாயா?"

தாய் தன் கணவனைப் பார்த்தாள். அவர் விளக்கமாற்றைப் பழுதுபார்க்கத் தொடங்கினார். இரு தளங்களுக்கு நடுவே மின்தூக்கியில் சிக்கிக்கொண்டோரை அமைதியாக மீட்கும் அம்மனிதர், அண்ணிக்கும் மனைவிக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் கையில் அகப்பட்டதைத் திருகத் தொடங்கிவிடுவார்.

அண்ணன் தீர்ப்பு வழங்கினார். "டாக்டர்கிட்ட காட்டுவோம். அதுக்கு மேலயும் வார்த்தை வரலேன்னா, ஏம்மா, நீ வேலைய விட்டுடு. புள்ளையவிட கண்ணாடி பெருசா?"

அன்றிரவு தாய்க்கு இரு கவலைகள். வேலை போய்விடுமோ என்பது சிறியது. தன் மகள் எதற்காக வாயை மூடினாள் என்பது பெரியது.

குழந்தை மருத்துவர் நிதானமான பெண்மணி. குழந்தையின் முதுகுப்புறம் மணியடித்தார், அவள் திரும்பினாள். மெல்லப் பெயர் சொன்னார், அதற்கும் திரும்பினாள். காது நன்றாக இருந்தது.

"இந்த வயசுல வார்த்தை வரலேன்னா பயப்பட வேண்டாம். ஆனா போட்டுக்கிட்டு இருந்த சத்தத்த ஏன் நிறுத்தினான்னு நாம கவனிக்கணும். வீட்ல இவகூட யார் விளையாடறீங்க?"

"தினம் நான் டெஸ்ட் வைக்கிறேன் டாக்டர்" என்றார் பெரியப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

"டெஸ்ட் இருக்கட்டும் சார். விளையாடறது யாரு?"

"பாஸ் ஆகாம என்ன விளையாட்டு?"

மருத்துவர் நாற்காலியைத் தாயின் பக்கம் திருப்பிக்கொண்டார். "அவ எதப் பாக்கறாளோ அதோட பேர நீங்க சொல்லுங்கம்மா. அவளக் கேக்காதீங்க. அவ ஒரு சத்தம் போட்டா நீங்களும் அதையே போடுங்க. துணியால மூஞ்ச மூடித் தொறங்க. அவ டப்பாவத் தட்டினா நீங்களும் தட்டுங்க. அப்புறம் பேசாம காத்திருங்க."

"எவ்ளோ நேரம்?" என்றார் பெரியப்பா, கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"அவளுக்குத் தோணற வரைக்கும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்க."

இத்தனை எளிய அறிவுரையைக் கெடுக்க முடியுமா? பேச்சூட்டியால் முடியும். முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டை அன்று மாலையே தொடங்கினார். துணியால் மூடினார், திறந்தார், "எங்க போயிருந்தேன்? சொல்லு!" என்று அதட்டினார். கட்டெறும்பு துணிக்குள் தன் தலையை நுழைத்துக்கொண்டாள். டப்பா தட்டும் விளையாட்டில், "நான் முடிக்கறதுக்குள்ள நீ தட்டற. முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி விடணும்" என்று திருத்தினார். பொருள்களின் மீதெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டினார். கட்டெறும்பு 'நாற்காலி'யைப் பிய்த்துத் தின்றுவிட்டாள். விலங்குகளின் குரலைக் கேட்டாலாவது வாய் திறப்பாள் என்று அவர் நாயாகக் குரைத்தார், பெரியம்மா பூனையானார், தம்பியைப் பிடித்து மாடாக்கினர். அந்த மாலை முழுவதும் அவ்வீட்டில் வாயில்லாச் சீவனாக இருந்தது குழந்தை ஒன்றுதான்.

தாயும் முயலாமல் இல்லை. எல்லாரும் ஓய்ந்தபின் மகளருகே தரையில் படுத்துக்கொண்டு 'ப்பு' என்பாள். கட்டெறும்பின் உதடு மெல்ல அசையும். அந்நேரம் பார்த்து மாடிப்படியிலிருந்து குரல் வரும்: "ஏம்மா, நீயே 'ப்பு'ன்னா அது எப்படித் திருத்தமாப் பேசும்?" உதடு மூடிக்கொள்ளும். தாய் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். பாத்திரங்கள் தேவைக்கு மேல் ஓசையிடும்.

நல்லவேளையாக, பெரியப்பாவுக்குப் பல்வலி வந்தது.

நல்லவேளை என்றது என் கொடுமை அன்று; மேற்கொண்டு படியுங்கள். மேல்வரிசைப் பற்கள் நெடுங்காலமாகவே ஆடிக்கொண்டிருந்தன. பல் மருத்துவர் பார்த்தார். ஒன்றைக் காப்பாற்றினாலும் அதற்குத் துணையில்லை என்று அத்தனையையும் களைந்தார். ஈறு ஆறிய பிறகே செயற்கைப் பல்வரிசை. அதுவரை பொக்கைவாய். அவ்வாயோடு பக்கத்து இருக்கையில் அமர்ந்து யாரைத் தோற்கடிப்பது? விடுப்பு எடுத்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, பெரியவர் எவரிடமும் ஒரு சொல்லும் பேசாமல், தலையை மட்டும் அசைத்து வந்தார்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நான் ஒரு வாக்கியத்த முழுசா முடிச்சது இப்பத்தான்" என்று என்னிடம் சொன்ன பெரியம்மா, கிடைத்த வாய்ப்பை வீணாக்காமல், குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, முடிக்கப்படாத வாக்கியங்களையெல்லாம் முடிக்கத் தெருவில் வீடு வீடாகப் புறப்பட்டார்.

வீட்டில் இருவர் எஞ்சினர். மேல்வரிசையில் ஒருவருக்கு நான்கு பல். மற்றவருக்கு ஒன்றும் இல்லை. நான்கு பல் உடையவள் குழந்தை.

முதல்நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்; சுவர் வழியே ஓசை ஏதும் இல்லை. இரண்டாம் நாள் டப்பா தட்டும் ஓசை கேட்டது. சற்று இடைவெளி. பின்பு கனத்த கையொன்று தட்டும் ஓசை. மீண்டும் சிறுகை. மீண்டும் பெருங்கை. அதற்கு மறுநாள் 'ப்பு' என்று ஒரு கீச்சுக்குரல் எழுந்தது. நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைத் தாழ்த்தினேன். 'ப்பு' என்று கட்டைக்குரல் ஒன்று மறுமொழி தந்தது. 'பாபாபா?' என்றது கீச்சுக்குரல். 'பாபாபா' என்று உடன்பட்டது கட்டைக்குரல். பல்லிருந்த காலத்தில் எவர் கூற்றுக்கும் உடன்படாத குரல் அது!

வியப்பென்ன இருக்கிறது? கேள்வி கேட்க அவரிடம் பல் இல்லை. குனிந்தால் ஈறு வலித்தது. ஆதலால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சொல்ல எதுவும் இல்லாமையால் காத்திருந்தார். மருத்துவர் சொன்னது அனைத்தையும், ஒன்றையும் விரும்பாமல், ஒழுங்காகச் செய்தார்.

தாய் கடையிலிருந்து சற்று முன்னதாகவே திரும்பிய ஒரு மாலையில், திறந்த கதவருகே கைப்பையுடன் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டதோ என்று நானும் வாசலுக்கு ஓடினேன். அவள் உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினாள்.

உள்ளே கட்டெறும்பு கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். எதிரே தரையில் பெரியப்பா. கைக்குட்டை எங்கோ கிடந்தது. அவள் கரண்டியை உயர்த்தினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். புருவத்தை நெரித்தாள். பெரியப்பாவின் முகமே அந்தச் சிறுமுகத்தில் ஒரு கணம் வந்து போயிற்று.

"என்ன?" என்றாள்.

ஐயத்துக்கு இடமே இல்லாத, தெளிவான சொல். குழந்தை பிறந்தது முதல் அவ்வீட்டில் மிகுதியாக ஒலித்த சொல்லும் அதுதானே? எல்லாரும் கேட்டார்கள், ஒருவரேனும் சொல்லவில்லை. கேட்டதைத்தானே அவள் கற்க முடியும்?

பெரியப்பா திகைத்துப்போய் வாயைத் திறந்தபடி இருந்தார். அவர் வாழ்நாளில் விடை தெரிந்தும் சொல்லிப் பழகாதவர்.

தாய்தான் சொன்னாள், கதவருகில் நின்றபடியே: "கரண்டிடா செல்லம். அது கரண்டி."

கட்டெறும்பு கரண்டியைப் பார்த்தாள். செய்தி மனநிறைவளித்தது போலும், அதை வீசியெறிந்தாள். அடுத்து, பெரியப்பாவின் திறந்த வாய்க்குள் ஆட்காட்டி விரலை விட்டு, வெறும் ஈற்றைத் தடவினாள்.

"என்ன?"

தேர்வாளர் தப்ப வழியில்லை. தம்பி மனைவியும் அடுத்த வீட்டுக்காரனும் பார்த்திருக்க, நாணத்தால் காதுவரை சிவந்து, உண்மையைச் சொன்னார்.

"பொக்க."

கட்டெறும்பு கைகொட்டிச் சிரித்தாள். "பொக்க!" என்றாள். "பொக்க! பொக்க!" என்று வீடெங்கும் ஊர்ந்தாள். தாய் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து முடித்தாள். அன்று முதல் காலைச் சொற்பொழிவுகள் மீண்டும் தொடங்கின, இம்முறை சொற்களுடன்.

செயற்கைப் பல்வரிசை வந்த நாளில் பெரியப்பா புதுச்சட்டை அணிந்து, முத்துமுத்தான பற்களைக் காட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். குனிந்தார். "இப்ப சொல்லு. பெ-ரி-யப்-பா!"

கட்டெறும்பு அப்பற்களை நெடுநேரம் நோக்கினாள். பிறகு அவரைத் தாண்டி மாடிப்படிக்கு ஊர்ந்து சென்று, மேலே அண்ணாந்து, கவலையோடு கூப்பிட்டாள்: "பொக்க?"

தம்பி அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தார். "அண்ணே, பெயில்னு நெனைக்கிறேன். ஒரு மாசம் கழிச்சு மறுபடி வாங்க."

பெரியப்பா தம்பியை முறைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். மெல்லத் தரையில் உட்கார்ந்து, அந்தப் பல்வரிசையைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். "பொக்க!" என்று கூவியபடி குழந்தை அவர் மடிக்குத் தாவினாள். வேலையை விடும் பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை. எடுக்க வாய்திறந்த பெரியம்மாவைப் பெரியப்பாவே, பல்லில்லா வாயால், "சும்மா இரு" என்று அடக்கியதாகக் கேள்வி.

அவர் திருந்திவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். இவ்வினம் திருந்துவதில்லை, கொள்கையை மட்டும் மாற்றிக்கொள்ளும். இப்போது குழந்தையுள்ள வீடுகளுக்கெல்லாம் அழையாமலே சென்று, "குழந்தையக் கேள்வி கேக்காதீங்க, கூட விளையாடுங்க. பல்லக் குடுத்து நான் கத்துக்கிட்ட பாடம் இது" என்று முழங்குகிறார். அத்துடன் விட்டாரா? பெற்றோரை எதிரே நிறுத்தி, "எங்க, எப்படி விளையாடுவீங்க? செஞ்சு காட்டுங்க பார்ப்போம்" என்கிறார். சென்ற கிழமை ஓர் இளந்தந்தை தோல்வியுற்றார். முகத்தை மூடியவர் திறக்கத் தாமதித்தாராம்.

வாசகரே, இதுவரை சிரித்தீர்கள். 'நம்ம சித்தப்பாவை அப்படியே எழுதியிருக்கிறாரே' என்று பக்கத்திலிருப்பவருக்குப் படித்தும் காட்டியிருப்பீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அடுத்த முறை ஏதேனும் ஒரு வீட்டில் தொட்டிலோரம் உங்கள் முதுகு தானாக வளைகிறதா, கைகள் முழங்காலைத் தேடுகின்றனவா, 'நான் யாரு?' என்ற கேள்வி நாவின் நுனிவரை வந்து நிற்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிக் கேட்டுவிட்டீர்களாயின், அக்குழந்தை உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அது விடை தெரியாமையால் அன்று, நாகரிகம் கருதி.